கொரம்பு வெட்டியவளின் மனு

வேலம்பதி ராமாத்தாளைப் பற்றி நல்ல வார்த்தை நாலு கேட்கலாமென்று பாலக்காட்டு நல்லேப்பிள்ளிப் பக்கம் போனால் வெறுங்கையோடுதான் திரும்ப வேண்டும். வாயைத் திறந்தால் வசவு, கையை ஓங்கினால் அடி, கொடுவாளை எடுத்தால் ரத்தம் பார்க்காமல் கீழே வைக்காத பொம்பளை என்பார்கள். அதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் அந்தப் பொம்பளைதான் இரண்டு மாநிலத்து எம்.எல்.ஏ.க்களை ஒரே மேசையில் உட்காரவைத்து, ஓர் ஆறு பிறக்கும் மலைக்காட்டைக் காக்கச் சட்டம் கேட்கும் மனுவில் கையெழுத்துப் போடவைத்தாள். அதைச் சொல்ல வரும்போது மட்டும் எல்லோருக்கும் வேறு வேலை வந்துவிடும்.

மூங்கிலாறு என்று பெயர்தான் பெரிது. ஆனைமலைச் சரிவில் தமிழ்நாட்டுக் காட்டுக்குள் பிறந்து, கரட்டுப்பதி வழியாக இறங்கி, ஒரு எல்லைக்கல்லைத் தாண்டி கேரளத்துக்குள் நுழைந்து, வேலம்பதி வயல்களை நனைத்துவிட்டுப் பாலக்காட்டுச் சித்தூர் ஆற்றில் போய் விழுகிற ஒரு சின்ன ஆறு. கல்லுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஒரே பேச்சு, ஒரே சாமி, ஒரே சாதி. பெண் கொடுத்து எடுத்த ஊர்கள். ஆனாலும் கோடை பிறந்துவிட்டால் இரண்டு ஊரும் எதிரிகள்.

காரணம் கொரம்பு. ஆற்றுக்குக் குறுக்கே மூங்கில் முளை அடித்து, தழையும் வைக்கோலும் திணித்து, மண்ணைக் கொட்டி மிதித்துக் கட்டுகிற தற்காலிகத் தடுப்புக்குத்தான் அந்தப் பக்கத்தில் கொரம்பு என்று பேர். கரட்டுப்பதிக்காரர்கள் மாசியில் கட்டுவார்கள். வேலம்பதிக்காரர்கள் பங்குனியில் போய் வெட்டுவார்கள். வெட்டப் போகிறவர்கள் மண்வெட்டியோடு போனால் காக்கிறவர்கள் கடப்பாரையோடு நிற்பார்கள். அப்படி நின்றதில் யாருக்கு விரல் போயிற்று, யாருக்குக் கண் போயிற்று என்று இரண்டு ஊரிலும் சின்னப் பிள்ளைகள்கூட ஒப்பிக்கும். ராமாத்தாள் வாழ்க்கைப்பட்டு வந்த நாலாவது வருசமே ஆண்களோடு ஆணாகக் கொரம்பு வெட்டப் போனாள். தடுக்க வந்தவனின் தோளைக் கடித்துச் சதையைத் துப்பினாள் என்று சொல்வார்கள். கேட்டால் அவள் மறுக்க மாட்டாள்.

எழுபத்தொன்றாம் வருசம் பங்குனியில் அந்தக் கொரம்பில் அவள் புருசன் ஆறுச்சாமி செத்தான். நல்ல பகல். குனிந்து முளையைப் பிடுங்கிக்கொண்டிருந்தவனின் பின்மண்டையில் கடப்பாரை இறங்கியது. இறக்கியவன் கரட்டுப்பதி ஊர்க்கவுண்டன் சென்னியப்பன். ராமாத்தாள் பத்தடி தள்ளித்தான் நின்றாள். தேங்காய் உடைந்ததுபோல அந்தச் சத்தம் அவள் காதுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. ஆறுச்சாமி உடனே விழவில்லை. எழுந்து, ஏதோ மறந்துவிட்டு வந்தவன் மாதிரி வீட்டைப் பார்த்து நாற்பது அடி நடந்து, எல்லைக்கல்லைத் தாண்டி விழுந்தான்.

அந்த நாற்பது அடிதான் அவளைக் கொன்றது. அடி விழுந்தது தமிழ்நாட்டில், ஆள் விழுந்தது கேரளத்தில். அந்த ஸ்டேசன்காரர்கள் வந்து, பிணம் எங்கள் எல்லையில் இல்லை என்றார்கள். இந்த ஸ்டேசன்காரர்கள் வந்து, குற்றம் எங்கள் எல்லையில் நடக்கவில்லை என்றார்கள். பொழுது சாயும்வரை அவள் புருசனின் தலைமாட்டில் உட்கார்ந்து முந்தானையால் ஈ ஓட்டினாள். கடைசியில் எழுந்து ஒரு கல்லை எடுத்து ஏட்டு ஒருவரின் நெற்றியைப் பிளந்தாள். அதற்கு மட்டும் எல்லைத் தகராறு வரவில்லை, உடனே அவள்மேல் கேஸ் எழுதிக்கொண்டார்கள். கொலை வழக்கு ஒரு வருசம் இழுத்தது. இந்த ஊர்ச் சாட்சி ஒன்று சொல்ல அந்த ஊர்ச் சாட்சி வேறு சொல்ல, சென்னியப்பன் விடுதலையாகி வெளியே வந்தான்.

கோர்ட்டு விட்டாலும் பகை விடாது. அந்தக் கரைகளில் ஒரு வழக்கம் உண்டு. ரத்தம் சிந்திய இரு வீடுகள் ஒன்றின் தண்ணீரை ஒன்று குடிக்காது. எப்போதாவது ஒருவர் எதிரி வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டால் பகை அங்கே முடிந்தது. குடித்தவர் வீட்டில் அதற்கப்புறம் யாரும் கை ஓங்கக் கூடாது. ஓங்கினால் ஊரே அவனைத் தள்ளிவைத்துவிடும். ஆறுச்சாமியின் தம்பி பொங்கியண்ணன் அண்ணன் சிதையின் முன்னால் சொன்னான்: “நங்கையா, அவன் ஊட்டுத் தண்ணி நம்ம ஊட்டு வாயில படாது. அவன் ரத்தம் நம்ம மண்ணுல படும்.” அண்ணன் மனைவியை அந்தப் பக்கத்தில் நங்கையா என்றுதான் கூப்பிடுவார்கள். ராமாத்தாள் தலையாட்டினாள். அன்றைக்கு அவளுக்கு வேறு எந்த ஆசையும் இல்லை.

எழுபத்து மூன்று பங்குனியில் முப்பது ஆட்களைக் கூட்டிக்கொண்டு அவள் கொரம்பு வெட்டப் போனாள். வெட்டுவது ஒரு சாக்கு. சென்னியப்பன் அங்கே இருப்பான் என்பதுதான் கணக்கு. பொங்கியண்ணன் முன்னால் நடந்தான்.

சென்னியப்பன் இல்லை. ஆனால் கரட்டுப்பதி ஆட்கள் இருபது பேர் கடப்பாரையோடு நின்றார்கள். கொரம்பும் நின்றது, நன்றாக மிதித்துக் கட்டிய புதுக் கொரம்பு. அதற்கு முன்னால் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. வெட்ட வந்தவர்களும் காக்க வந்தவர்களும் சுடுமணலில் நின்று ஒருவரை ஒருவர் முறைத்துப் பார்த்தார்கள். எதை வெட்டுவது? எதைக் காப்பது? ஆனாலும் கையில் ஆயுதம் இருந்தால் அது சும்மா இருக்காது. யாரோ ஒருவன் அவள் அப்பன் பேரைச் சொல்லித் திட்ட, அவள் மண்வெட்டிக் காம்பால் அவன் முகத்தில் விளாச, கால்மணி நேரம் அந்த வறண்ட மணலில் ஐம்பது பேர் அடித்துக்கொண்டார்கள். மூன்று பேருக்கு மண்டை உடைந்தது. அந்த வருசம் அந்த ஆற்றில் ஓடிய ஈரம் அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்து முகத்தைக் கழுவக் குடத்தைச் சாய்த்தாள். குடம் காலி. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. தண்ணீரைக் கரட்டுப்பதியான் குடிக்கவில்லை, நாமும் குடிக்கவில்லை, அப்புறம் எவன் குடித்தான்?

எவன் என்று தெரிந்தால் அவனை வெட்டலாம் என்றுதான் மலையேறினாள், புண்ணியத்துக்கு அல்ல. மரம் ஏற்றப் போகும் லாரி ஒன்றில் இடம் கேட்டாள். ஓட்டியவன் மரியஜோசப் என்கிறவன், இடுக்கியில் ஆனைக்கரைக்காரன். ஏலக்காய்த் தோட்ட வேலை போய் லாரிக்கு வந்தவன். வழியெல்லாம் அவளுடைய கொடுவாளையே ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டு வந்தான்.

“அத எதுக்கும்மா தூக்கிட்டு வாரீங்க?”

“தண்ணியத் திருடுனவன் மேல இருக்கறானாமா. பாக்கப் போறனுங்க.”

“அப்ப என்னையத்தான் வெட்டணும்” என்றான் அவன். “நான்தான தெனம் ரெண்டு லோடு எறக்குதேன்.”

மேலே போய் இறங்கியதும் அவளுக்கு விளங்கிவிட்டது. கூப்பு, அதாவது சர்க்கார் ஏலத்தில் எடுத்து மரம் வெட்டும் காடு, என்று பேர் வைத்து ஒரு கான்ட்ராக்டர் மலையையே சிரைத்து வைத்திருந்தான். கண்ணுக்கு எட்டிய மட்டும் அடிக்கட்டைகள். மூங்கில் புதர் இருந்த இடமெல்லாம் கரி. போன மழையில் மண் அறுத்துக்கொண்டு போன ஓடைகள் ஆளை விழுங்கும் ஆழத்தில் கிடந்தன. ஆற்றின் பிறப்பிடம் என்று மரியஜோசப் காட்டிய இடத்தில் ஓர் ஈரப் பாறை மட்டும் இருந்தது. “எங்க ஊர்லயும் இப்படித்தாம்மா. மொதல்ல மரம் போவும், மழைக்கு மண்ணு போவும், அப்புறம் ஆளுக போவோம்” என்றான். ஊர் இரண்டு பட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்று கேட்டிருக்கிறாள். கீழே இரண்டு ஊர் வெட்டிக்கொண்டு சாக, மேலே கூத்தாடி இருந்ததை யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

அவள் சும்மா பார்த்துவிட்டு வந்திருக்கலாம். மேஸ்திரியின் சட்டையைப் பிடித்தாள். கூப்பு ஆட்கள் நாலு பேர் அவளைப் புரட்டி எடுத்தார்கள். முன்பல் இரண்டு போயிற்று. ஒருத்தனின் காதை அவள் பாதி அறுத்தாள். மரியஜோசப் இழுத்து லாரியில் போட்டுக்கொண்டு இறங்கியிராவிட்டால் இந்தக் கதை அங்கேயே முடிந்திருக்கும்.

மறுவாரம் வீங்கிய வாயோடு பாலக்காட்டுக்குப் பஸ் ஏறினாள். கல்பாத்தி வெங்கிடாசலம், அவள் புருசன் வழக்கை நடத்திய வக்கீலின் குமாஸ்தா. வெற்றிலைச் சாறு உதட்டோரம் வழிய எதையும் எழுதிக் கொடுக்கிற மனுஷர்.

“சாமி, அந்தக் கான்ட்ராக்டரை வெட்டுனா எத்தன வருசம் போடுவாங்க?”

வெங்கிடாசலம் பேனாவைக் கீழே வைத்தார். “அசடே, அவனை வெட்டினா வேறொருத்தன் ஏலம் எடுப்பன். அவனையும் வெட்டுவையோ? காடு அந்த சர்க்காரோடது. ஜலம் வேண்டியது இந்த சர்க்காருக்கு. மரம் வெட்டப்படாது, வெட்டின இடத்துல நடணும், ரெண்டு சர்க்காரும் சேர்ந்து அந்த மலையைப் பாத்துக்கணும்னு சட்டமாக்கும் வேண்டியது. சட்டம் சட்டசபைலன்னா உண்டாறது? மனு எழுதித் தரேன். ஆனா ஒரு எம்.எல்.ஏ. ஒப்பு வெச்சு, அதான் கையெழுத்துப் போட்டு, கொண்டு போகணும், கேட்டையோ?”

வெட்டுவதற்கு ஆள் இல்லாத ஒரு சண்டையை அவள் வாழ்நாளில் கேள்விப்பட்டதில்லை. எரிச்சலாக இருந்தது. ஆனாலும் மனுவை வாங்கிக்கொண்டாள்.

அதற்கப்புறம் எட்டு மாதம் அலைந்தாள். இந்தப் பக்கத்து எம்.எல்.ஏ. நல்ல மனுஷர், நாற்காலி போட்டு உட்காரவைத்துப் பேசினார். “கேரளத்துக்காரங்க மட்டும் ஒப்பு போட்ட மனுவ நான் சபையில வெச்சா, தமிழ்நாட்டுக் காட்ட நம்ம கேக்கறோம்னு ஆகிப்போகும். அந்தக் கரைக்காரங்க ஒப்பும் வரட்டும்.” அந்தப் பக்கத்து எம்.எல்.ஏ.வைப் பார்க்க மூன்று தரம் போனாள். இரண்டு தரம் வாசலிலேயே விரட்டினார்கள். மூன்றாம் தரம் அவர் ஜீப்பின் முன்னால் படுத்துக்கொண்டாள். அவர் இறங்கி வந்து சொன்னார்: “எந்தொகுதியில ஆத்து மேல மொத ஊரு கரட்டுப்பதி. அவிய போடாத மனுவுல நான் எப்படிங்க போட முடியும்? அந்த ஊரு சென்னியப்பன் சொன்னாத்தான் கேக்கும். மொதல்ல அவரப் போயிப் பாருங்க.”

சென்னியப்பன். புருசனின் மண்டையைப் பிளந்தவன். ஜீப் போன புழுதியில் உட்கார்ந்து அவள் தலையிலடித்துக்கொண்டு அழுதாள். வயல் பொரிந்து கிடந்தது. வேலம்பதியில் பதினோரு குடும்பம் வீட்டைப் பூட்டிக்கொண்டு திருப்பூருக்குப் போய்விட்டது. அந்த ஒரு கையெழுத்து வந்தால் இரண்டு எம்.எல்.ஏ.க்களும் வருவார்கள். வராவிட்டால் ஊர் காலி. அதில் குழப்பம் ஒன்றும் இல்லை.

மார்கழியில் ஒரு காலையில் யாரிடமும் சொல்லாமல் தனியாகக் கரட்டுப்பதிக்கு நடந்தாள். கொடுவாளை வீட்டில் வைத்துவிட்டுப் போனாள். அவளை ஊருக்குள் கண்டதும் பெண்கள் பிள்ளைகளை இழுத்துக் கதவைச் சாத்தினார்கள். சென்னியப்பன் தன் வீட்டு முன்கூடமான ஆசாரத்தில் சுவரில் முதுகை ஒட்டவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். இரண்டு பக்கமும் இரண்டு மகன்கள், கையில் தடி. மூன்று வருசத்துக்குள் மனுஷன் பாதியாகியிருந்தான்.

அவள் மனுவை நீட்டினாள். மலையில் கண்டதைச் சொன்னாள். சொல்லி முடித்ததும், “எங்கூர்லயும் கெணறெல்லாம் வத்திப்போச்சு” என்றான். “போடறேன். ஊரையும் போடச் சொல்றேன். ஆனா ஒண்ணு. என்ற ஊட்டுல தண்ணி வாங்கிக் குடிச்சுட்டுப் போகோணும்.”

அவளுக்கு உடம்பு முழுக்க நெருப்புப் பிடித்தது. “தூ, எம்புருசனத் தின்னவனே! உன்ற தண்ணிய நான் குடிக்கறதா?”

“தின்னவன்தான்” என்றான் அவன். “மூணு வருசமாச் செவுத்துல முதுகை ஒட்டவெச்சுத்தான் சோறு திங்கறேன். வெளிக்குப் போனாக்கூட ரெண்டு பேரு காவல். உன்ற கொழுந்தன் எப்ப வருவான், எந்தப் பக்கமா வருவான்னு பாத்துப் பாத்து நான் செத்துப்போயிட்டேன் அம்முணி. என்ற உசுரை எனக்குக் குடு. நீ கேக்கற பேரை நான் தர்றேன்.”

ஒரு மகன் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தான். அவள் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். காதுக்குள் அந்தச் சத்தம் மறுபடி கேட்டது. சொம்பை எடுத்து அவன் மூஞ்சியில் அடிக்க வேண்டும் என்று கை துடித்தது. எடுத்ததில் பாதித் தண்ணீர் சிந்திவிட்டது. மிச்சத்தைக் கண்ணை மூடிக் குடித்தாள். உப்புக் கரித்தது. கிணற்றின் அடிமட்டத் தண்ணீர்.

“கையெழுத்துப் போடற நாளு வரைக்கும் இது வெளிய போகக் கூடாது” என்றாள். அவன் தன் மகன்கள் தலையில் கை வைத்துச் சம்மதித்தான்.

அவள் வாழ்க்கையில் எத்தனையோ பேரை அடித்திருக்கிறாள், கடித்திருக்கிறாள், வெட்டியிருக்கிறாள். அதெல்லாம் தப்பே இல்லை என்று வேண்டுமானால் வாதாடலாம். இதற்கு வாதம் கிடையாது. குடித்தவள் அன்றைக்கே பொங்கியண்ணனிடம் சொல்லியிருக்க வேண்டும். அந்த வழக்கமே அப்படித்தான், குடித்ததும் வீட்டுக்கு வந்து சொல்ல வேண்டும், அப்போதுதான் வீடு கட்டுப்படும். வெட்கம் அவள் வாயைக் கட்டிவிட்டது. புருசனைக் கொன்றவன் கையால் தண்ணீர் குடித்த முண்டச்சி என்று ஊர் துப்பும். கையெழுத்து முடியட்டும், மனு கையில் இருக்கும்போது சொன்னால் துப்புகிறவர்களும் கொஞ்சம் யோசிப்பார்கள் என்று நினைத்தாள். சென்னியப்பன் வருவான், போடுவான், போவான், யாரும் வாய் பேசக் கூடாது என்று மட்டும் ஊருக்குச் சொன்னாள். பொங்கியண்ணன் பதில் பேசவில்லை. பேசாததைப் பார்த்து அவள் பயந்திருக்க வேண்டும்.

எழுபத்து நாலு தை மாதம், சித்தூரில் ஒரு கல்யாண மண்டபம். இரண்டு எம்.எல்.ஏ.க்களும் வந்துவிட்டார்கள். இரண்டு ஊர்க்காரர்களும் ஆளுக்கொரு சுவரோரமாக நின்று ஒருவரை ஒருவர் பார்க்காமல் இருக்கப் பாடுபட்டார்கள். மேசையில் மனு. பக்கத்தில் மை டப்பாவோடு வெங்கிடாசலம். ராமாத்தாள் வாசலோரம் குத்தவைத்து வந்தவர்களுக்கு இளநீர் சீவிக்கொண்டிருந்தாள். முதல் பெயராக அவள் கைநாட்டு ஏற்கெனவே விழுந்திருந்தது. இரண்டாவதாகச் சென்னியப்பன். ரேகை வைக்க மாட்டேன், எழுத்துத் தெரியும் என்று பேனாவை வாங்கி, ஒவ்வோர் எழுத்தாக வாய்விட்டுச் சொல்லி எழுத ஆரம்பித்தான்.

பொங்கியண்ணன் பக்கவாசல் வழியாக வந்தான். சத்தம் போடவில்லை. வேட்டி மடிப்பிலிருந்து கொடுவாளை உருவினான். சென்னியப்பனின் மகன்கள் திரும்புவதற்குள் மேசைக்கு இரண்டடியில் வந்துவிட்டான். ராமாத்தாள் பார்த்தாள். கையில் இருந்த இளநீரைப் போட்டுவிட்டு, கையில் இருந்த கொடுவாளைப் போடாமல், எப்படித் தாண்டினாள் என்று அவளுக்கே தெரியாது. ஓங்கிய கை இறங்குவதற்குள் அவள் வெட்டு அந்தக் கையில் இறங்கிவிட்டது. தோளுக்குக் கீழே எலும்பு வரை. ரத்தம் மேசைமேல் பீறிட்டது. எம்.எல்.ஏ.க்கள் இருவரும் ஒரே கதவுக்கு ஓடி ஒருவரை ஒருவர் முட்டிக்கொண்டார்கள். வெங்கிடாசலம் மட்டும் ஓடவில்லை. மனுவைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு நாற்காலிமேல் ஏறி நின்று, “பகவானே, பேப்பர், பேப்பர்” என்று கத்தினார்.

சென்னியப்பன் மேசைக்கு அடியில் இருந்தான். ராமாத்தாள் ரத்தம் சொட்டும் கொடுவாளோடு குனிந்து அவனைப் பார்த்தாள்.

“வெளிய வாங்க. பேரு பாதியில நிக்குது. எழுதி முடிங்க.”

அவன் ஊர்ந்து வந்தான். நாற்காலியிலிருந்து இறங்கிய வெங்கிடாசலம் மேசையை வேட்டியால் துடைத்து மனுவை விரித்தார். சென்னியப்பன் எழுதி முடித்தான். வாசலுக்கு வெளியே கூட்டம் சேர்ந்துவிட்டது. ஓடிப்போன எம்.எல்.ஏ.க்கள் என்று மறுநாள் பேர் வருமோ என்ற பயத்திலோ, அவள் கையில் இன்னும் அது இருந்த பயத்திலோ, இருவரும் திரும்பி வந்து ஒப்பு வைத்தார்கள். அதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் அவள் கொடுவாளைக் கீழே போட்டாள்.

பிறகு பொங்கியண்ணன் பக்கத்தில் உட்கார்ந்தாள். தன் வெள்ளைச் சீலையைக் கிழித்து அவன் கையை இறுக்கிக் கட்டினாள். அவன் அவள் முகத்தில் காறித் துப்பினான். அவள் துடைக்கவில்லை.

“நான் அவன் ஊட்டுத் தண்ணியக் குடிச்சுட்டேன் சாமி” என்றாள். “மார்கழியிலயே குடிச்சுட்டேன்.”

அவன் கண்ணை விரித்து அவளையே பார்த்தான். “ஏன் எங்கிட்டச் சொல்லல?” என்றான். “சொல்லியிருந்தா நான் வந்திருக்க மாட்டனே நங்கையா. ஒரு வார்த்த சொல்லியிருந்தா இந்தப் பக்கமே வந்திருக்க மாட்டனே.”

அதைக் கேட்டபோது, ஆறுச்சாமி விழுந்த அன்று வராத ஒரு கூச்சல் அவள் அடிவயிற்றிலிருந்து வந்தது. போலீஸ் வந்து இழுத்துக்கொண்டு போகும்வரை அது நிற்கவில்லை.

மூன்று வருசம் தண்டனை. வழக்கு நடந்தபோது வாயே திறக்கவில்லை. ஏன் வெட்டினாய் என்று ஜட்ஜு இரண்டாம் தரம் கேட்டதற்கு மட்டும், “அவரு இன்னும் பேரு எழுதி முடிக்கலீங்க” என்றாள். ஜட்ஜு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். பொங்கியண்ணன் நடந்ததை நடந்தபடி சாட்சி சொன்னான். அவன் வலது கை அதற்கப்புறம் தூக்க வரவில்லை.

மனு சபைக்குப் போயிற்று. கொலைவெறி மண்டபம் என்று பேப்பரில் வந்துவிட்டதால் அதைக் கிடப்பில் போட யாருக்கும் தைரியமில்லை. எழுபத்தைந்து மாசியில், மனுக்களை விசாரிக்கும் சட்டமன்றக் குழு இடத்தைப் பார்க்க வந்தது. அந்தப் பக்கத்திலிருந்தும் மூன்று எம்.எல்.ஏ.க்கள் கூட வந்தார்கள். மூங்கிலாற்று மணலில் பந்தல் போட்டு நாற்காலி போட்டிருந்தது. முதல் பெயர்க்காரியை விசாரிக்காமல் எப்படி என்று குழுத் தலைவர் கேட்டதால் ஜெயிலிலிருந்து ராமாத்தாளை இரண்டு பெண் போலீஸ் கூட்டிவந்தார்கள்.

சென்னியப்பன் சொன்னான். ஊர்க்காரர்கள் சொன்னார்கள். மரியஜோசப் லாரியை விட்டுவிட்டு வந்து, தான் எத்தனை லோடு இறக்கினான் என்பதை ஒளிக்காமல் சொன்னான். எம்.எல்.ஏ.க்கள் குறித்துக்கொண்டார்கள். அவர்களில் ஓர் இளைஞர், வெள்ளைச் சட்டைக்காரர், அவளைப் பார்த்து முகத்தைச் சுளித்தார்.

“நீங்க கொரம்பு வெட்டியிருக்கீங்க, போலீஸ்காரர் மண்டைய உடைச்சிருக்கீங்க, சொந்தக் கொழுந்தன் கையை வெட்டியிருக்கீங்க. சட்டத்தை மதிக்காத நீங்க சட்டம் கேக்கறீங்களே, எப்படிம்மா?”

ராமாத்தாள் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள்.

“வெட்டிப் பாத்துட்டனுங்க” என்றாள். “என்ற அறிவுக்கு எட்டுன மட்டும் எல்லாத்தையும் வெட்டிப் பாத்தனுங்க. தண்ணி வரலீங்க. அதுக்குத்தானுங்க உங்ககிட்ட வந்தேன்.”

வெள்ளைச் சட்டைக்காரர் குனிந்து தாளில் ஏதோ எழுதினார். குழுத் தலைவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, இந்த மனுவுக்கு ஆட்சேபணை உள்ளவர்கள் யாராவது உண்டா என்று கூட்டத்தைப் பார்த்துக் கேட்டார்.

கடைசி வரிசையில் பொங்கியண்ணன் எழுந்தான். வலது கை பக்கத்தில் தொங்கியது. அவன் வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். வெட்டுப்பட்டவன் வார்த்தைக்கு அந்தப் பந்தலில் எதிர்வார்த்தை கிடையாது. அப்படி அவன் சொன்னால் அது நியாயம்தான் என்றும் ராமாத்தாளுக்குத் தெரிந்தது. இரண்டு ஊரும் மனு எழுதிய குமாஸ்தாவும் அவன் வாயையே பார்த்தார்கள்.

அவன் மணலில் நடந்து மேசைக்கு வந்தான். அவள் பக்கம் திரும்பவே இல்லை.

“எங்கண்ணன் செத்தது இந்தத் தண்ணிக்குத்தானுங்க” என்றான் குழுத் தலைவரிடம். “என்ற பேரையும் எழுதிக்குங்க. ஆனா அவ பேரு இருக்கற பக்கத்துல வேண்டாமுங்க. வேற காயிதத்துல எழுதுங்க.”

வெங்கிடாசலம் ஒரு புதுத் தாளை எடுத்து மேசையில் விரித்தார். மை டப்பாவைத் திறந்து, பொங்கியண்ணனின் இடது கையைப் பிடித்து விரலைத் தோய்த்தார். ராமாத்தாள் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நேரமாகிவிட்டது, பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்று ஒரு பெண் போலீஸ் அவள் தோளைத் தொட்டாள்.